முடித்த கேமை மறுபடி ஏன் தொடங்குகிறார்கள்?

1996 மார்ச்சில் ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்கு வெளியான ரெசிடென்ட் ஈவில் கேமில், ஒரு பழைய மாளிகையின் அறைச் சுவரில் ஷாட்கன் ஒன்று மாட்டியிருக்கும். வெறும் பிஸ்டலும் எண்ணிக் கொடுத்த தோட்டாக்களும் வைத்துக்கொண்டு ஜாம்பிகளிடம் மாட்டித் தவிக்கிறவருக்கு அதைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வரும். எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு வந்தால் கதவு பூட்டிக்கொள்ளும், கூரை மெல்லக் கீழே இறங்கும். ஜில் வேலன்டைனாக விளையாடினால், நசுங்கிச் சாகப் போகிற கடைசி நொடியில் பாரி என்ற சக வீரர் வந்து இழுத்துக் காப்பாற்றுவார். கிறிஸ் ரெட்ஃபீல்டாக விளையாடினால் பாரி அந்தப் பக்கமே வரமாட்டார். உடைந்த ஷாட்கன் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் நல்லதை எடுத்துப்போக முடியும்.

ஜில்லாக ஒரு தடவை முடித்தவர் அப்புறம் கிறிஸாகத் தொடங்கினால், அந்த அறைக்குள் நுழைகிற விதமே வேறாக இருக்கும். கூரை இறங்கும் என்று தெரியும். துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே கை நிற்கும். வேறோர் அறையில் கிடந்த உடைந்த ஷாட்கன் எதற்கு என்பது சட்டென்று பிடிபடும். முதல் தடவை நெஞ்சு படபடத்த இடம் இப்போது கணக்குப் போடுகிற இடமாகிவிட்டது.

கேம் விளையாடாதவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்வி, ‘கதைதான் தெரிந்துபோச்சே, மறுபடி அதில் என்ன இருக்கிறது?’ என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி, கேம் என்றால் கதை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு படத்தை இரண்டாவது தடவை பார்க்கும்போது, தெரிந்த கதை நாம் பார்க்கிற விதத்தை மாற்றும். படம் அப்படியேதான் ஓடும். கேமில் தெரிந்த விஷயம் நாம் செய்வதையே மாற்றிவிடுகிறது. எந்தக் கதவை முதலில் திறப்பது, எந்த ஜாம்பியைச் சுடாமல் ஓரமாக நழுவிப் போவது, எந்தச் சாவியை இப்போதே எடுத்துக்கொள்வது என்று எல்லாமே வேறாகிறது. முதல் தடவை விளையாடும்போது நாம் பெரும்பாலும் கற்றுக்கொண்டிருக்கிறோம். கற்றதை வைத்து விளையாடுவது இரண்டாவது தடவையில்தான் ஆரம்பிக்கிறது. மறுபடி விளையாடுவதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து சேரும் என்பது என் எண்ணம்.

இப்படித் திரும்பத் திரும்ப விளையாடுகிறவர்கள் சிறுபான்மைதான். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360, கேமில் யார் எதுவரை சாதித்தார்கள் என்று பதிவு செய்கிற அச்சீவ்மென்ட் முறையைக் கொண்டுவந்தது. 2008-இல் பிளேஸ்டேஷனுக்கு இதே போன்ற கோப்பைகள் வந்தன. இன்று கணினி கேம்களை விற்கிற ஸ்டீம் தளத்தில் பெரும்பாலான கேம்களைத் திறந்தால், வாங்கியவர்களில் எத்தனை சதவீதம் பேர் பாஸ் எனப்படும் கடைசிப் பெரிய எதிரியை வீழ்த்தினார்கள் என்பது பட்டியலாகத் தெரியும். நீளமான கேம்களில் முதல் அத்தியாயத்தில் நிறையப் பேர் இருப்பார்கள், கடைசியில் கொஞ்சம் பேர்தான் மிஞ்சுவார்கள். முடித்தவர்களில் ஒரு பகுதிதான் மறுபடி தொடங்குகிறார்கள். ஆனால் ஒரு கேம் பத்து, இருபது ஆண்டுகள் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கொஞ்சப் பேர்தான் காரணம்.

பணமும் மெமரியும்

மறுபடி விளையாட வைப்பது முதலில் கலை சார்ந்த முடிவாக வந்ததில்லை. ஆர்கேட் இயந்திரம் காசு போட்டால்தான் ஓடும். ஆள் திரும்பத் திரும்ப வந்தால்தான் பிழைப்பு. காப்காமின் கோஸ்ட்ஸ் ’ன் கோப்ளின்ஸ் (1985) இதில் ஈவு இரக்கமே இல்லாதது. நாக்குத் தள்ள வைக்கிற அந்த கேமைக் கடைசி வரை கொண்டுபோய் முடித்தால், ‘இதெல்லாம் சாத்தான் விரித்த மாய வலை’ என்று சொல்லி மறுபடி தொடக்கத்துக்கே அனுப்பிவிடும். இரண்டாவது சுற்றையும், அதுவும் இன்னும் கடினமாக, முடித்தால்தான் உண்மையான முடிவு.

வீட்டு கேம்களில் பிரச்சினை வேறு. கார்ட்ரிட்ஜில் இடம் குறைவு. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் (1985) மொத்தம் 32 லெவல். தெரிந்தவர் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடுவார். அதனால் முடித்ததும் அதே லெவல்களைக் கொஞ்சம் கடினமாக்கி மறுபடி தரும்: தாவி மிதித்தால் நசுங்குகிற கும்பாக்கள் இருந்த இடத்தில், ஓட்டுக்குள் ஒளிந்துகொள்கிற பஸி பீட்டில்கள் நிற்கும். அடுத்த ஆண்டு வந்த தி லெஜெண்ட் ஆஃப் செல்டாவின் கதை இன்னும் சுவையானது. அதன் நிலவறைகளை வடிவமைத்த தகாஷி டெசுகா, ஒதுக்கிய மெமரியில் பாதியை மட்டும் வைத்தே எல்லாவற்றையும் அடக்கிவிட்டார். மீதிப் பாதி காலியாகக் கிடந்தது. மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ அதைப் பார்த்துவிட்டு, இது அப்படியே இருக்கட்டும், மிச்ச இடத்தில் இரண்டாவது பயணம் ஒன்றை வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தார். கேமை முடித்தவருக்கு அதே நாடு, ஆனால் நிலவறைகளும் ஒளிவிடங்களும் மாறியிருக்கும். தொடக்கத்தில் வீரனுக்கு ‘செல்டா’ என்று பெயர் வைத்தால் நேராக அந்த இரண்டாவது பயணத்துக்கே போய்விடலாம்.

நம் ஊரில் 90-களில் டிவி கேம் விளையாடியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த உலகம். கலர் கலராக வந்த அந்தக் கேசட்டுகள் நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற ஜப்பானிய கேம் கருவியின் நகல் இயந்திரங்களுக்கானவை. மேலே ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும்; உள்ளே இருப்பது நாலைந்து கேம், மற்றதெல்லாம் அதே கேமின் வேறு வேறு பெயர். பெரும்பாலானவற்றில் சேவ் செய்ய வழியே கிடையாது. கரண்ட் போனால் மாரியோ முதல் லெவலுக்கு வந்து நிற்பார். அதனால் ‘மறுபடி விளையாடுவது’ என்று தனியாக எதுவும் இருக்கவில்லை. விளையாடுவது என்றாலே முதலிலிருந்துதான். கான்ட்ராவின் முதல் காட்டுப் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு கடப்பார்கள், கடைசி லெவலைப் பார்த்தவர்கள் தெருவுக்கு ஒருவர்கூட இருக்கமாட்டார்கள். கொஞ்ச காலம் கழித்து பிரவுசிங் சென்டர்களில் ஜிடிஏ வைஸ் சிட்டி வந்தபோதும் இதே நிலைதான். ஒரு மணி நேரக் காசுக்கு விளையாடிச் சேவ் செய்துவிட்டு வந்தால், மறுநாள் அதன் மேலேயே வேறு யாரோ சேவ் செய்திருப்பார்கள். பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டி வெடிகுண்டு வைக்கிற அந்த ஒரு மிஷனில் எத்தனை பேர் எத்தனை தடவை மாட்டிக்கொண்டார்கள்! இன்று நாற்பதை நெருங்குகிற பலர் வைஸ் சிட்டியை இன்ஸ்டால் செய்து முதலிலிருந்து விளையாடுவதைப் பழைய நினைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவர்களில் பலர் அன்று அந்த கேமை முடித்ததே இல்லை.

சேவ் செய்கிற வசதி வந்து, கதைகளும் நீண்ட பிறகு, மறுபடி விளையாடச் சொல்வதற்குப் புதிய காரணம் தேவைப்பட்டது. அதற்கு இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிற பெயரைக் கொடுத்தது 1995-இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்த க்ரோனோ ட்ரிகர்: நியூ கேம் பிளஸ். முடித்தவர், சேர்த்த பலத்தையும் ஆயுதங்களையும் கையோடு எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கலாம். இங்கே முக்கியமானது பலம் மட்டுமில்லை. உலகை அழிக்க வரும் லாவோஸை எந்தக் கட்டத்தில் எதிர்த்தாலும் சரி, வெல்லும் நேரத்தைப் பொறுத்து முடிவு மாறும். பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள். கேம் தொடங்கிய திருவிழாத் திடலிலிருந்தே நேராகப் போய் அவனை வீழ்த்தினால், அந்த கேமை உருவாக்கியவர்களே பாத்திரங்களாக உலாவுகிற ஓர் அறைக்குப் போய்ச் சேர்வோம். முதல் தடவை ஆடுகிறவருக்கு அப்படியொரு அறை இருப்பதே தெரியாது, தெரிந்தாலும் போகப் பலம் இருக்காது.

இதைப் பார்த்து வந்த எல்லா நியூ கேம் பிளஸும் இவ்வளவு யோசித்துச் செய்தவை அல்ல. எதிரிகளின் உயிரை இரண்டு மடங்காக்கிவிட்டு, ‘மறுபடி விளையாடலாம்’ என்று அட்டையில் போடுகிறவை நிறைய. அதில் விளையாடுகிறவர் கற்றதற்கு எந்த வேலையும் இல்லை. அதே அடியை இன்னும் நாலு தடவை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அது சோம்பேறித்தனம்.

தெரிந்தவரை எப்படிப் பயமுறுத்துவது?

ரெசிடென்ட் ஈவிலுக்குத் திரும்புவோம், ஏனென்றால் இந்த விஷயத்தை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்ட தொடர் வேறு இல்லை என்பேன். பயம் என்பது தெரியாததிலிருந்து வருவது. அப்படியானால் ஒரு திகில் கேம் இரண்டாவது தடவை செத்துப்போக வேண்டும். ஆனால் முதல் ரெசிடென்ட் ஈவிலை மறுபடி விளையாடியவர்கள்தான் அதிகம் கொண்டாடுகிறார்கள்.

அதன் இயக்குநர் ஷின்ஜி மிகாமி கட்டியது ஒரு பற்றாக்குறையின் கணக்கு. தோட்டா குறைவு. மருந்துச் செடி குறைவு. கேமைச் சேவ் செய்ய டைப்ரைட்டர் வேண்டும், அதற்கு மை ரிப்பன் வேண்டும், அதுவும் குறைவு. ஜில்லின் பையில் 8 பொருள், கிறிஸின் பையில் 6 பொருள்தான். முதல் தடவை விளையாடுகிறவர் எல்லாவற்றையும் பொத்திப் பொத்தி வைப்பார், கண்ட ஜாம்பியையும் சுடுவார், தேவையில்லாத பொருளைச் சுமந்துகொண்டு மாளிகையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைவார். எட்டுப் பத்து மணி நேரம் சாதாரணமாகப் போகும். முடித்தவுடன் கேம் அவருக்கு ஒரு கொக்கியை மாட்டிவிடுகிறது: மூன்று மணி நேரத்துக்குள் முடித்துக் காட்டினால், தோட்டா தீராத ராக்கெட் லாஞ்சர்.

மூன்று மணி நேரமா என்று முதலில் மலைப்பாக இருக்கும். ஆனால் இரண்டாவது தடவை தொடங்கியதும் அந்த மாளிகை சுருங்குவது தெரியும். இந்த நடைபாதையில் மூன்று பேர், அதில் ஒருவனை மட்டும் தாண்டினால் போதும். இந்தச் சாவியை எடுக்கப் போகும்போதே அந்த முத்திரையையும் எடுத்துவிடலாம். மேல்மாடிக்கு ஒரே தடவை ஏறினால் போதும். இது பயம் போன நிலை என்று நினைக்கக்கூடாது. பயத்தை எந்த இடத்தில் செலவு செய்வது என்று தெரிந்த நிலை.

2002-இல் மிகாமியே அதே கேமை நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்காக முழுவதுமாகத் திருப்பிச் செய்தபோது, பழைய ஆட்களை மனதில் வைத்தே சில வேலைகளைச் செய்தார்கள். 1996 கேமில் எல்லோருக்கும் மறக்காத இடம் ஒன்று உண்டு: நீண்ட நடைபாதையில் போகும்போது ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய்கள் பாயும். 2002 கேமில் அதே நடைபாதை, அதே ஜன்னல். விளையாடியவர் துப்பாக்கியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கண்ணாடி விரிசல் விடுகிறது. நாய் வரவில்லை. மூச்சு விட்டுவிட்டு வேறு வேலையாகப் போய், அப்புறம் ஒரு நேரம் அதே வழியாகத் திரும்பும்போது பாய்கின்றன. புதிதாக வந்தவருக்கு அது சாதாரண அதிர்ச்சி. பழைய கேமை மனப்பாடமாக வைத்திருந்தவருக்குத்தான் அது முழுக் கொடுமை.

அதே 2002 கேமில், கொன்ற ஜாம்பியின் உடலை மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்காவிட்டால், அல்லது தலையைத் தகர்க்காவிட்டால், கொஞ்ச நேரம் கழித்து அது நகம் நீண்டு, சிவந்து, ஓடிவருகிற ஒன்றாக எழுந்திருக்கும். எல்லா உடலையும் எரிக்க எண்ணெய் போதாது. எந்த நடைபாதையைப் பின்னால் அடிக்கடி கடக்க வேண்டியிருக்கும் என்பது தெரிந்தால்தான் எங்கே எரிப்பது என்று முடிவு செய்ய முடியும். முதல் தடவை விளையாடுகிறவருக்கு அது குருட்டுத் தீர்மானம். இரண்டாவது தடவை வருகிறவருக்கு அது சதுரங்க நகர்த்தல். முடித்தவர்களுக்கென்று திறக்கிற விளையாட்டு வகைகளும் இதே புத்திசாலித்தனத்தில் செய்தவை. ஒன்றில் எதிரிகள் கண்ணுக்கே தெரியமாட்டார்கள். யார் எங்கே நிற்பார்கள் என்பது மனதில் பதிந்தவரால்தான் அதை ஆட முடியும். இன்னொன்றில் உடம்பெல்லாம் வெடிகுண்டு கட்டிய ஒரு ஜாம்பி பின்தொடர்ந்து வருவான், அவனை மட்டும் சுடவே கூடாது. விரலுக்குப் பழகிப்போன பழக்கத்தையே எதிரியாக்குகிறார்கள்.

1998-இல் ஹிடெகி கமியா இயக்கிய ரெசிடென்ட் ஈவில் 2 இதை வேறு விதமாகச் செய்தது. லியோன், கிளேர் என்று இரண்டு பேர், இரண்டு டிஸ்க். ஒருவரின் கதையை முடித்ததும் அதே இரவை மற்றவரின் பக்கத்திலிருந்து ஆட வேண்டும். போலீஸ் நிலையத்தின் ஆயுதக் கிடங்கில் ஒரு மெஷின் கன்னும், கூடுதலாகப் பொருள் வைத்துக்கொள்ள ஒரு பையும் இருக்கும். முதல் கதையில் எடுத்துவிட்டால் இரண்டாவது கதையில் அவை இருக்காது. அதாவது நாமே நமக்கு மிச்சம் வைக்க வேண்டும். முதல் தடவை அது தெரியாமல் இரண்டையும் அள்ளிக்கொண்டு போனவர்கள், இரண்டாவது கதையில் மிஸ்டர் எக்ஸ் என்று ரசிகர்கள் கூப்பிடுகிற அந்த நெடிய உருவம் சுவரை உடைத்துக்கொண்டு வரும்போது காலி அலமாரியை நினைத்துக்கொள்வார்கள். அந்த உருவம் முதல் கதையில் வருவதே இல்லை.

கதை தெரிந்தால் சுவை போய்விடுமா?

இதைப் பற்றி உளவியலாளர்கள் கொஞ்சம் ஆராய்ந்திருக்கிறார்கள். 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஜோனதன் லெவிட், நிகோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 12 சிறுகதைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தபோது, வாசகர்கள் அதை மொத்தத்தில் அதிகமாகவே ரசித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் முடிவு மாறியும் வந்திருக்கிறது, அதனால் இதை வைத்துப் பெரிய சட்டம் எதுவும் போட வேண்டாம். நம் விஷயத்துக்கு நெருக்கமானது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் எட் ஓ’பிரையன் 2019-இல் வெளியிட்ட ஆய்வு. ஏழு சோதனைகள். அருங்காட்சியகக் காட்சி, படம், கேம் போன்றவற்றை இரண்டாவது தடவை அனுபவித்தால் எவ்வளவு பிடிக்கும் என்று ஆட்களை முன்கூட்டியே கணிக்கச் சொன்னார். அப்புறம் உண்மையில் எவ்வளவு பிடித்தது என்று ஒப்பிட்டார். நினைத்த அளவுக்கு இரண்டாவது தடவை சலிக்கவில்லை. முதல் தடவை கண்ணில் படாதவை அவ்வளவு மிச்சம் இருந்தன. ஒன்றை ஒரு தடவை பார்த்துவிட்டாலே அதை முழுவதும் பார்த்துவிட்டோம் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

முதல் தடவை பார்த்ததைப் பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை என்பதையே கருவாக வைத்து யோகோ டாரோ இயக்கிய நியர் 2010-இல் வந்தது. அதில் நாயகன் நிழல் உருவங்களாக வரும் ஷேட்களை வெட்டி வீழ்த்திக்கொண்டே போகிறான். அவை ஏதோ புரியாத ஒலி எழுப்பும். கேம் முடிந்ததும், பாதியிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லும். இப்போது அவை பேசுவது நமக்குப் புரியும். பழைய இரும்புக் குப்பைகள் குவிந்த ஓரிடத்தில், பெரிய ரோபோ ஒன்றும் அதனோடு ஒரு சின்ன ஷேடும் எதிர்த்து நிற்கும். முதல் தடவை அது ஒரு பாஸ், தோற்கடித்துவிட்டுப் போய்விடுவோம். இரண்டாவது தடவை, அவை இரண்டும் நண்பர்கள் என்பதும், அந்த இடத்தை விட்டு வெளியே போய் உலகத்தைப் பார்க்க ஆசைப்பட்டவை என்பதும் தெரிந்துவிடுகிறது. சண்டை மாறவில்லை. அழுத்த வேண்டிய பட்டன் மாறவில்லை. அழுத்தத்தான் கை வரமாட்டேன் என்கிறது. நாயகனுக்கு எதுவும் தெரியாது, தெரிந்தது விளையாடுகிற நமக்கு மட்டும்தான். இதை ஒரு நாவலிலோ படத்திலோ இந்த அளவுக்குச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அங்கே வாளை ஓங்குவது நம் கை இல்லை.

2015-இல் டோபி ஃபாக்ஸ் வெளியிட்ட அண்டர்டேல் இன்னும் ஒரு படி மேலே போனது. யாரையும் கொல்லாமலும் முடிக்கலாம், எல்லோரையும் கொன்றும் முடிக்கலாம். தொடக்கத்தில் நம்மைத் தாய் போலப் பார்த்துக்கொள்கிற டோரியலைத் தெரியாமல் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் முன்பு சேவ் செய்த இடத்துக்கே திரும்பி அவளை உயிரோடு விட்டுவிட்டுப் போனால், ஃப்ளவி என்ற பாத்திரம் வழியில் நின்று நடந்ததைச் சொல்லிக் காட்டும்: நீ அவளைக் கொன்றாய், அப்புறம் வருத்தப்பட்டுத் திரும்பிப் போனாய். எல்லோரையும் கொன்று ஒரு தடவை முடித்துவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு நல்லவராக ஆடினாலும் நல்ல முடிவு கெட்டே வரும். மறுபடி தொடங்கினால் எல்லாம் துடைத்துப் போய்விடும் என்ற வசதியான நம்பிக்கையை அந்த கேம் ஒத்துக்கொள்வதில்லை.

அறிவே கேமைத் திறக்கும் சாவி என்றால், அந்தச் சாவி கிடைத்த பிறகு விளையாட எதுவுமே இல்லாத கேமும் இருக்க வேண்டுமே? இருக்கிறது. மோபியஸ் டிஜிட்டல் 2019-இல் வெளியிட்ட அவுட்டர் வைல்ட்ஸில் சூரியன் வெடிக்க 22 நிமிடம். வெடித்ததும் மறுபடி முதலிலிருந்து. பலம் கூடாது, புது ஆயுதம் கிடைக்காது. ஒவ்வொரு சுற்றிலும் தெரிந்துகொண்டது மட்டும்தான் அடுத்த சுற்றுக்கு வரும். எல்லாம் தெரிந்தவர் ஒரே சுற்றில் முடித்துவிடலாம். அதை விளையாடியவர்கள், அத்தனையையும் மறந்துவிட்டு மறுபடி முதல் தடவை விளையாட முடியாதா என்று ஏங்குகிறார்கள். மற்றவர் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மட்டுமே அவர்களுக்கு மிச்சமிருக்கும் வழி.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் ஸ்பீடுரன் ஆட்கள் இருக்கிறார்கள். எவ்வளவு வேகமாக முடிக்கலாம் என்பதே அவர்கள் கவலை. 1986 மெட்ராய்டு சீக்கிரம் முடித்தவருக்கு மட்டும் கவசத்துக்குள் இருக்கிற வீரர் ஒரு பெண் என்று காட்டியதிலேயே இதன் விதை இருக்கிறது. 1997-இல் குவேக் கேமை மிகக் கடினமான நிலையில் 19 நிமிடம் 49 வினாடியில் முடித்த பதிவு இணையத்தில் பரவியது. 2010-இல் தொடங்கிய கேம்ஸ் டன் குவிக் என்ற ஸ்பீடுரன் நிகழ்ச்சி, முதல் தடவை பத்தாயிரம் டாலருக்கு மேல் நன்கொடை திரட்டியது. இப்போது ஆண்டுக்கு இரண்டு தடவை நடந்து லட்சக்கணக்கான டாலர்களை மருத்துவ உதவிக்குத் திரட்டுகிறது.

மாரியோவை எடுத்துக்கொள்ளலாம். குறுக்கு வழிகளைப் பயன்படுத்தினால் 8 லெவல் ஆடினாலே போதும். 2021-இல் நிஃப்ட்ஸ்கி என்ற பெயரில் ஆடுபவர் 4 நிமிடம் 55 வினாடிக்கும் குறைவாக முடித்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு லெவலை நீங்கள் முடித்துவிட்டாலும் அடுத்த லெவல் உடனே தொடங்காது. 21 ஃபிரேமுக்கு, அதாவது திரையில் 21 தடவை படம் மாறுகிற நேரத்துக்கு, ஒரு தடவைதான் கேம் அதைச் சோதிக்கும். ஏறத்தாழ வினாடியில் மூன்றில் ஒரு பங்கு. ஸ்பீடுரன் ஆட்கள் இதை பஸ் என்பார்கள். பஸ் கிளம்ப ஒரு கணம் முன்னால் வந்தாலும், நிறைய நேரம் முன்னால் வந்தாலும், அதே பஸ்தான். அதனால் ஒரு லெவலில் கொஞ்சம் வேகமாக ஓடிப் பயனில்லை, முந்தைய பஸ்ஸைப் பிடிக்கிற அளவுக்கு வேகம் வேண்டும். கடைசி லெவலுக்குப் பிறகு பிடிக்க பஸ் கிடையாது. அங்கே மட்டும் ஒவ்வொரு ஃபிரேமும் கணக்கு. நாற்பது ஆண்டு பழைய கேமில் ஆயிரக்கணக்கான தடவை ஓடியவர்கள் கண்டுபிடித்த விஷயம் இது. அதை உருவாக்கியவர்கள் இதை ஒரு விதியாக நினைத்துக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை.

எல்லோரும் வேகத்துக்குப் போவதில்லை. தனக்குத்தானே கஷ்டம் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. 2010-இல் ஒரு ரசிகர், உயிரினங்களைப் பிடித்துச் சண்டைக்கு விடுகிற போகிமான் ரூபியை மறுபடி விளையாடும்போது சொந்தமாக இரண்டு விதி வைத்துக்கொண்டு அதைக் கார்ட்டூனாக வரைந்தார்: ஒரு பகுதியில் முதலில் எதிர்ப்படுகிறதை மட்டும்தான் பிடிக்கலாம், சண்டையில் மயங்கிவிட்டால் அது செத்ததாகக் கணக்கு. நஸ்லாக் என்று இன்று உலகம் முழுவதும் ஆடுகிற முறை அதுதான். கேமில் ஒரு வரி நிரல்கூட மாறவில்லை. ஆனால் முன்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எழுந்துவிடுகிற ஒரு பறவை, இப்போது போனால் போனதுதான். சிறு வயதில் அலட்சியமாக ஆடிய கேமைப் பெரியவர்கள் பதறிப் பதறி ஆடுகிறார்கள்.

இதெல்லாம் சுறுசுறுப்பான காரணங்கள். சோர்வான காரணமும் ஒன்று உண்டு, அதைக் குறைவாக மதிக்க நான் தயாரில்லை. வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு உட்காருகிறவருக்கு, புது கேம் என்றால் முதல் ஒரு மணி நேரம் பாடம் படிப்பதுதான்: எந்தப் பட்டன் எதற்கு, யார் யார், வரைபடம் எப்படி. தெரிந்த கேமில் அந்தச் சுமை இல்லை. கை தானாகப் போகும். எங்கே என்ன நடக்கும் என்பது தெரியும், பிடிக்காத இடம் எப்போது முடியும் என்பதும் தெரியும். மார்க்கெட்டிங் ஆராய்ச்சியாளர்கள் கிறிஸ்டல் ரஸ்ஸல், சிட்னி லெவி இருவரும் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் 23 பேரிடம், ஒரே புத்தகத்தை, ஒரே படத்தை, ஒரே ஊரைத் திரும்பத் தேடிப் போவது ஏன் என்று விரிவாகப் பேசி 2012-இல் எழுதினார்கள். பழைய நினைவு அதில் ஒரு பங்குதான். பலர் தாங்கள் எவ்வளவு மாறியிருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளவும் திரும்பிப் போனார்கள். அந்த இடம் மாறாமல் இருப்பதால்தான் நாம் மாறியது தெரிகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. மாறாமல் இருக்க வேண்டுமென்றால் கேம் முதலில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அங்கே வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் கடையில் வாங்க முடியாத நிலையில் இருக்கின்றன. அதே ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான இணையக் கடையில் விற்பனையை நிறுத்தியது. அங்கே மட்டும் கிடைத்த கேம்களைப் புதிதாக வாங்க அதோடு வழி அடைந்தது. ரெசிடென்ட் ஈவிலுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. 1996-இன் மூல கேமையே, புதுப்பித்த வடிவத்தை அல்ல, 2024-இல் கேம்களை விற்கிற ஜிஓஜி தளம் இன்றைய கணினிகளில் ஓடும்படி செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாங்கி இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலே ஓடும்.

யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் கேமுக்கு அது வாய்க்கவில்லை. தனியாக ஓட்டி முடிக்கக்கூடிய முழுக் கதை அதில் இருந்தும், எப்போதும் சர்வரோடு இணைந்திருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-இல் சர்வரை மூடினார்கள். டிஸ்க் வைத்திருந்தவராலும் அதை விளையாட முடியாமல் போனது, முடித்தவராலும் மறுபடி தொடங்க முடியாமல் போனது. அதிலிருந்து கிளம்பியதுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். அது ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடங்கிய மக்கள் மனு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. சர்வரைக் காலம் முழுவதும் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது, காசு கொடுத்து வாங்கியவர் தன் கணினியில் தொடர்ந்து விளையாட ஒரு வழி செய்துவிட்டு மூடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.